டிரம்ஸும் பேஸும்: ராக் ரசிகர்களின் கேள்விகள், பதில்கள்

கேள்வி: அண்ணா, ரிதம் செக்‌ஷன் என்றால் யார் யார்? ரிதம் கிட்டாரிஸ்ட்டும் அதில் சேர்வாரா?

பதில்: பாட்டின் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள். வழக்கமாக டிரம்ஸும், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிட்டாரும்தான். ஆனால் ஏசி/டிசி குழுவின் பாட்டைக் கேட்டுவிட்டு அதன் ரிதம் கிட்டாரிஸ்ட் மால்கம் யங்கை அதிலிருந்து வெளியே நிறுத்த எனக்கு மனம் வராது. லீட் கிட்டார் வாசிக்கும் தம்பி ஆங்கஸ் மேடை முழுக்க ஓடுவார். மால்கமோ பின்னால் ஆம்ப்ளிஃபையர் பக்கம் நின்று ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) அசையாமல் பிடித்திருப்பார். அவர், டிரம்மர் ஃபில் ரட், பேஸ் வாசிக்கும் கிளிஃப் வில்லியம்ஸ் மூவரையும் சேர்த்துத்தான் அந்தக் குழுவின் ரிதம் செக்‌ஷன் என்பேன்.

கேள்வி: உண்மையைச் சொன்னால், எனக்குப் பேஸ் காதில் விழுவதே இல்லை. அதை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: போன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களோ? பேஸின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இருக்கிறது. முந்தைய பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் 1986இல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் இறந்துபோனார். அடுத்து வந்த ஜேசன் நியூஸ்டெட் இதில் வாசித்தார், ஆனால் எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸிங்கில் அவர் வாசிப்பைக் கேட்கவே முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். பாடல்கள் பிரமாதம்; ஒலி மட்டும் வறண்டு கிடக்கும். கிட்டாரும், காலால் அடிக்கும் கிக் டிரம்மும் தனித்தனியாகக் கேட்கும், நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஆளில்லை.

கேள்வி: தி டோர்ஸில் பேஸ்காரரே கிடையாதே, அவர்கள் ஜெயிக்கவில்லையா?

பதில்: பேஸ்காரர்தான் இல்லை, பேஸ் இருந்தது! ரே மன்சாரெக் வலது கையால் ஆர்கன் வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸ் சுரங்களைத் தரும் கீபோர்டான ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸை வாசிப்பார். ஸ்டுடியோவில் பல பாடல்களுக்கு வெளியிலிருந்து பேஸ்காரர்களை அழைத்தார்கள்.

கேள்வி: எங்கள் பேண்டில் பாட்டு போகப் போக வேகமாகிவிடுகிறது. எல்லோரும் டிரம்மரைத்தான் திட்டுகிறோம். காலம் தவறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலைதானே?

பதில்: பாவம், விடுங்கள் அவரை. காலத்தைப் பிடிப்பவர் யார் என்பது குழுவுக்குக் குழு மாறும். ஒரு பேண்டைப் புரிந்துகொள்ள நான் முதலில் தேடுவதே அந்த ஆளைத்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸில் டிரம்மர் சார்லி வாட்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைக் கவனித்து அதன் பின்னால் போவார். அந்தப் பாடல்களில் லேசாக ஒரு தள்ளாட்டம் இருக்கும், அதன் அழகே அதுதான். வாட்ஸிடம் இன்னொரு வழக்கம்: ஸ்நேரில் (பளிச்சென்று ஒலிக்கும் டிரம்மில்) அடி விழும்போது ஹை-ஹாட்டிலிருந்து (ஜோடித் தாளத் தட்டுகளிலிருந்து) கையை எடுத்துவிடுவார். ஸ்நேர் மட்டும் தனியாகப் பளிச்சென்று விழும். வீடியோ கிடைத்தால் அவர் வலது கையையே பாருங்கள்.

தி ஹூ குழு இதற்கு நேர் எதிர். டிரம்மர் கீத் மூன் நிதானமாக பீட் பிடிக்கும் ரகமே இல்லை, எங்கே பார்த்தாலும் ஃபில்தான் (இடைவெளியை நிரப்பும் டிரம் துணுக்கு). பேஸில் ஜான் என்ட்விசிலோ லீட் கிட்டார் போல ஓடுவார். 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாடலில் சோலோவே அவருக்குத்தான். இரண்டு பேரும் இப்படி ஓடினால் பாட்டைத் தாங்குவது யார்? பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்).

உங்கள் பேண்டுக்கு வருவோம். ஒத்திகையில் கிட்டாரையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, சீராக டிக் டிக் என்னும் மெட்ரோனோம் போட்டு டிரம்மரையும் பேஸ்காரரையும் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். கிக் விழும் இடத்தில் பேஸ் சுரமும் விழுகிறதா, அது எப்போது நிற்கிறது என்று கேளுங்கள். பலர் சுரத்தைச் சரியாகத் தொடங்குவார்கள், நிறுத்த மறந்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒழுங்காக வாசிக்கிறார்கள் என்றால் அவசரப்படுவது வேறு யாரோ. கோரஸ் வந்ததும் உற்சாகத்தில் பாய்கிற கிட்டாரிஸ்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கேள்வி: லெட் செப்பெலினின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டில் டிரம்ஸ் அவ்வளவு பெரிதாகக் கேட்பது எப்படி?

பதில்: பாதி டிரம்மர் ஜான் பான்ஹாம், பாதி வீடு. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், படிக்கட்டின் அடியில் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். கூடவே கொஞ்சம் எக்கோ. 1971இல் வெளியானது. பான்ஹாம் 1980இல் இறந்ததும் வேறு டிரம்மரைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

கேள்வி: பாடகர், கிட்டாரிஸ்ட் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது. டிரம்மரையும் பேஸ்காரரையும் யார் மதிக்கிறார்கள்?

பதில்: ஃப்ளீட்வுட் மேக்! 1967இல் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன் தன் குழுவுக்கு டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ்காரர் ஜான் மெக்வீ இருவரின் பெயரைத்தான் வைத்தார். இத்தனைக்கும் மெக்வீ அப்போது குழுவில் சேரக்கூட இல்லை. பின்னால் கிரீனே விலகிப் போனார், பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இந்த இருவர் நிலைத்தார்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. பேஸை விரலால் வாசிப்பதா, பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) வாசிப்பதா?

பதில்: அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் விரலால், பால் மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக்கால். உங்கள் டிரம்மரோடு எது ஒட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.