மருமகன் காட்டிய அடித்த வரிகள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த என் தங்கை மகன் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடக்கிறான். என்னவென்று கேட்டால், "மாமா, இதை விளையாடிப் பாருங்கள்" என்று கணினியில் 'டிப்ரெஷன் குவெஸ்ட்' என்பதைத் திறந்து வைக்கிறான். நல்ல பதில்கள் எல்லாம் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. இதனால் அவன் நிலை மோசமாகுமா? டவுனில் ஒருவர் 'கேம் தெரபி', அதாவது விளையாட்டு வழிச் சிகிச்சை, கொடுப்பதாகச் சொல்லி 1,800 ரிங்கிட் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா.

2013இல் வெளிவந்த இலவச விளையாட்டு அது. மனச்சோர்வு பிடித்த ஒருவராக நின்று, வாசித்து வாசித்து முடிவெடுக்க வேண்டும். காதலியோடு விருந்துக்கு உற்சாகமாகக் கிளம்பும் வழி கண்ணெதிரே எழுதியிருக்கும், தேர்ந்தெடுக்க முடியாது. சோர்வு முற்ற முற்ற அடிபடும் வரிகளும் பெருகும். சிகிச்சைக்குப் போனால் சில வரிகள் மீண்டும் திறக்கும். "எழுந்து போய் வேலை தேடடா" என்று நீங்கள் சொல்வது அவனுக்குத் தெரியாததல்ல. அவனைப் பொறுத்தவரை அது அடித்த வரி. வாயால் சொல்ல வராததைத்தான் உங்களிடம் திறந்து வைத்திருக்கிறான்.

பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதை அவனையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதில் எது உன்னைப் போல இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். புத்திமதி வேண்டாம். அவன் சலித்தால் மூடிவிடுங்கள்.

அந்த 1,800 ரிங்கிட்காரர் 'நியூசிலாந்தில் நிரூபித்தது' என்பார். அது 'ஸ்பார்க்ஸ்' என்ற வேறு விளையாட்டு. 2012இல் 187 இளையோரிடம் சோதித்து, வழக்கமான ஆலோசனைக்குக் குறையாத பலன் கண்டார்கள். அந்த நாட்டில் அது இலவசம்! மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு எண்ணும் நடப்பு அனுமதியும் இல்லாதவர் இங்கே தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. எண்ணைக் கேளுங்கள், வாரக் கடைசிப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன் பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தாலோ, விளையாட்டுப் பேச்சே கூடாது. அந்த நியூசிலாந்துச் சோதனையிலும் ஆபத்து அதிகம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. தனியே விடாதீர்கள். களைக்கொல்லி ஒரு போத்தல்கூட வீட்டில் இருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. நள்ளிரவானாலும், மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸுடன் 03-7627 2929 எண்ணில் பேசலாம்.

அப்படி இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் ஒரு ரிங்கிட். மனநிலை பற்றிய கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள்; பிறகு மனநல நிபுணருக்குக் கடிதம், பிறகு காத்திருப்பு. தோட்டப்புறப் பிள்ளைக்குத் தன் துயரத்தைத் தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் 1,800 ரிங்கிட்காரர்கள் பிழைக்கிறார்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கான தேதியை எழுதி வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.