தபால் கப்பலில் என்ன அரசியல்?

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கு ஓடிய பழைய தபால் கப்பல்களுக்கு அரசு கொடுத்த மானியத்தைப் போன இதழில் ‘நிற அரசியல்’ என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் கொண்டுபோனான், கூலி வாங்கினான். இதில் என்ன அரசியல்? எதைத் தொட்டாலும் நிறமும் சாதியும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் அவர்களே அதைச் சட்டமாக அச்சடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, நான் என்ன செய்ய?

1901-இல் ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடாயின. அந்த ஆண்டு நவம்பரில் புது நாடாளுமன்றம் தபால் தந்திச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 16-ஆவது பிரிவு சொன்னது இது: தபால் ஏற்றிச் செல்ல அரசு போடும் எந்த ஒப்பந்தத்திலும், அந்த வேலையில் வெள்ளையர்களை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும். ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதற்கும் ஒரு மாதம் கழித்து டிசம்பரில்தான் வந்தது. ஊருக்குள் வரும் ஆளைத் தடுக்கும் முன்பே, தபால் மூட்டையைத் தொடும் கையைத் தடுத்துவிட்டார்கள்.

யார் கை அது? லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகளின் கை. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் கப்பல்களில் மேல்தளத்தில் கொங்கண, குஜராத் கடற்கரை ஆட்கள், கீழே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் பஞ்சாபிகள், பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறியவர்கள் கோவாக்காரர்கள். போர்ச்சுகல் ஆண்ட கோவாவின் ஆட்களை விட்டால், மற்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் மகுடத்தின் குடிமக்கள். இந்த ஆட்களை இறக்கிவிட்டால்தான் ஆஸ்திரேலிய அரசின் பணம் கிடைக்கும் என்றானது.

கம்பெனி மறுத்தது. அதன் தலைவர் சர் தாமஸ் சதர்லாண்ட் லஸ்கர்களுக்காக வாதாடினார். இதைப் படித்துவிட்டு அவருக்கு மாலை போடக் கிளம்பிவிடாதீர்கள். வெள்ளை மாலுமிக்குக் கொடுப்பதில் ஒரு பகுதிதான் லஸ்கருக்குச் சம்பளம். படுக்கும் இடத்திலும் அதே கதை. பிரிட்டனின் வணிகக் கப்பல் சட்டம் ஒரு மாலுமிக்கு 72 கன அடி இடம் ஒதுக்கச் சொன்னது. இந்தியச் சட்டப்படி லஸ்கருக்கு 36 போதும். சரி பாதி! அந்தப் பாதியில்தான் கம்பெனியின் லாபம் இருந்தது. லண்டன் அரசும் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. இந்தியாவை ஆண்டுகொண்டே அப்படி ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

அப்புறம் நடந்த பேரம்தான் வேடிக்கை. பிரிட்டனும் காலனிகளும் சேர்ந்து பணம் கொடுத்து வந்த பழைய ஒப்பந்தம் 1905 ஜனவரியோடு முடிந்தது. வெள்ளையர் நிபந்தனையோடு ஆஸ்திரேலியா டெண்டர் விட்டால், பி அண்ட் ஓ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மிஞ்சியது ஓரியன்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி. எதிரில் போட்டிக்கு ஆள் இல்லாதபோது எந்த வியாபாரி விலையைக் குறைப்பான்? கேட்ட தொகை அதிகம் என்று அரசு மறுக்க, சில வாரங்கள் ஒப்பந்தமே இல்லாமல் ஓடின. கடைசியில் ஆண்டுக்கு 1,20,000 பவுண்டுக்குப் படிந்தது.

அதிலும் திருப்தியில்லாமல் 1906-இல் ஒரு புதுக் கூட்டுக் குழுவுக்கு 1,25,000 பவுண்டில் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவர்களால் கப்பலையே கொண்டுவர முடியவில்லை; மறு ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது. திரும்பவும் ஓரியன்ட் வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை விலை 1,70,000 பவுண்டு, பத்து ஆண்டுகளுக்கு, 1910 பிப்ரவரி முதல்.

அந்த ஒப்பந்தத்தில் என்னென்ன இருந்தன தெரியுமா? இத்தாலியின் டராண்டோவிலிருந்து அடிலெய்டுக்கு 638 மணி நேரத்தில், அதாவது 26 நாள் 14 மணியில் தபால் சேர வேண்டும். கப்பல் குயின்ஸ்லாந்தின் தலைநகர் பிரிஸ்பேன் வரை போயாக வேண்டும். இல்லாவிட்டால் குயின்ஸ்லாந்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வெண்ணெயும் பழமும் கெடாமல் லண்டன் போய்ச் சேரக் குளிர்ப்பதன அறை வேண்டும். ஆட்கள் வெள்ளையராக இருக்க வேண்டும். கடிதத்துக்குக் கூலி என்கிறீர்களே, பால்பண்ணைக்காரர், துறைமுகக்காரர், மாலுமிச் சங்கம் என்று ஆளாளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்த சீட்டு அது. கடிதமும் அதில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இதற்காக ஓரியன்ட் 1909-இல் ஆர்சோவா, ஆட்வே, ஆஸ்டர்லி, ஒட்ராண்டோ, ஆர்வியட்டோ என்று ஐந்து புதுக் கப்பல்களை இறக்கியது. நல்ல கப்பல்கள்தான், அதை மறுக்கவில்லை. மறுபக்கம் பிரிட்டன் தன் பங்குக்குப் பி அண்ட் ஓவோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டதால், லண்டனிலிருந்து வந்த கடிதங்கள் லஸ்கர்கள் ஓட்டிய கப்பலிலும் தொடர்ந்து வந்து இறங்கின. அதைப் பிரித்துப் படிக்க மெல்போர்னில் யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1903-இல் பிரிட்டன், அட்லாண்டிக்கில் கப்பல் ஓட்டிய குனார்டு கம்பெனிக்கு 26 லட்சம் பவுண்டு கடனும், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் மானியமும் கொடுத்தது. தபால் கூலி தனிக் கணக்கு. அமெரிக்க முதலாளி மார்கன் அட்லாண்டிக் கப்பல் கம்பெனிகளை வளைத்துப் போடுகிறாரே என்ற பயம், போர் வந்தால் அந்தக் கப்பல்களைக் கடற்படைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அதற்கும் முன்னால் குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டாரஸ் நீரிணை வழியே கப்பல் விட பி.ஐ. எனும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு ஆண்டுக்கு 55,000 பவுண்டு கொடுத்தது. ஆம், பிற்பாடு தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மோதிய அதே பி.ஐ.தான்.

சரி, 16-ஆவது பிரிவுக்கே திரும்புகிறேன். அதற்கு ஒரு துணைவிதி உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலிய எல்லைக்கு வெளியே கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுவதற்கும் சரக்கு ஏற்றுவதற்கும் இந்த நிபந்தனை பொருந்தாது. ஏன் இந்தச் சலுகை? சூயஸ் வழியாக வரும் தபால் கப்பல் கொழும்பில் நின்று கரி ஏற்றாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போக முடியாது. கொழும்புத் துறைமுகத்தில் அந்த வெயிலில் கரி சுமந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். அவர்கள் சுமந்த கரி கப்பலுக்குள் போகலாம். அதை அள்ளி அடுப்பில் போடும் வேலைக்கு மட்டும் அவர்கள் போக முடியாது. இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்து, தனித் துணைவிதியாகப் போட்டு, வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். போன இதழில் நான் எழுதியதை விட்டுத் தள்ளுங்கள். அந்தத் துணைவிதியை ஒரு தடவை படித்துவிட்டு, ‘இதில் என்ன அரசியல்?’ என்று மறுபடி எழுதுங்கள். அதையும் வெளியிடுகிறேன்.