கொதிநீர் லைனில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்): கேள்வி பதில்

கோத்தகிரி, கிரீன் டீ தொழிற்சாலை: சார், இலை வேகவைக்கும் நீராவி லைன் 304 வகை எஸ்.எஸ். பைப். வெல்டிங் ஓரத்தில் மெல்லிய விரிசல். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. போலிச் சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன் விரிசல் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். லாகிங்கை (பைப் மேல் சுற்றிய வெப்பக் காப்பு உறை) கழற்றிச் சிவப்புச் சாயம் தடவுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்பாகக் கசிந்து தெரியும். மரக்கிளை போலப் பிரிந்து வெளிப்பக்கம் நிறைய இருந்தால் காரணம் உப்பிலுள்ள குளோரைடு. மழையில் நனைந்த லாகிங்கிலிருந்து உப்பு ஊறி, சூட்டில் வற்றி, பைப் மேல் செறிந்துவிடும். 60 டிகிரிக்கு மேல் 304-க்கு அது ஆகவே ஆகாது.

வெல்டை ஒட்டியே கோடு ஓடினால் வெல்டிங் சூடுதான் காரணமாக இருக்கும். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம். அது மேலே போடும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம்தான் காவல். 450 முதல் 850 டிகிரி சூட்டில் நின்றால் எஃகிலுள்ள கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு, எஃகின் நுண்படிகங்கள் சந்திக்கும் எல்லைகளில் கார்பைடாக ஒதுங்கும். எல்லையோரம் குரோமியம் வற்றிப்போய் அந்த வழியாகவே விரிசல் ஓடும். மாற்றும்போது 304எல் வாங்குங்கள். அதில் கார்பன் 0.03 சதவீதத்துக்குள். உப்பு அடைசலைப் போக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

குன்னூர்: நம்ம மலைத் தண்ணீரில் உப்பே கிடையாது. இங்கே எஸ்.எஸ். எப்படி விரியும்?

பதில்: விரியும். 1970-களில் கொதிநீர் அணுஉலைகளின் 304 குழாய்கள் வெல்டிங் ஓரத்தில் விரிந்தன. அங்கே தண்ணீர் சுமார் 70 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்), 285 டிகிரி. அந்தத் தண்ணீரின் சுத்தத்துக்கு நம் சுனைநீர் கிட்டவே வராது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுதான். சூடுபட்ட வெல்டு, இழுவிசை, ஆக்சிஜன், மூன்றும் சேர்ந்தால் அது போதும். குறைந்த கார்பன் எஃகுக்கு மாறினார்கள். ஹைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை அடக்கினார்கள்.

குன்னூர் (மறுபடி): அது கதிர்வீச்சு விவகாரம். இங்கே கதிர்வீச்சு ஏது?

பதில்: கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை உண்டாக்கியது. உங்கள் திறந்த தொட்டியில் அது தானாகவே லிட்டருக்கு 7 மில்லிகிராம் போலக் கரைந்திருக்கிறது. ஆனால் நீராவி லைன் 150 டிகிரியைத் தாண்டாது என்பதால் என் முதல் சந்தேகம் குளோரைடு மேல்தான். உப்பே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடுள்ள தண்ணீர் ப்ளோடவுன் (பாய்லர் தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுவது) இல்லாமல் 20 மடங்கு வற்றினால் 200. அந்தத் தண்ணீர் நீராவியோடு தெறித்து லைனுக்குள் போகும். டெஸ்ட் செய்யும்போது தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டு பாய்லர் தண்ணீரை எடுங்கள்.

ஊட்டி, விடுதி: ஹீட்டர் டேங்க் 304-ஆ, 316-ஆ?

பதில்: 316. அதிலுள்ள 2–3 சதவீதம் மாலிப்டினம் குழி விழுவதைத் தாமதப்படுத்தும். விரிசலுக்கு அதுவும் முழுக் காப்பு இல்லை. டேங்கைப் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிடாதீர்கள்.

கூடலூர்: 304 என்று வாங்கிய பைப்பில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. போலியா?

பதில்: இல்லை. வளைத்த இடத்தில் 304-உம் லேசாக ஒட்டும். மாங்கனீசு கூடிய மலிவான 200 வகையும் ஒட்டாது. அதனால் காந்தத்தை நம்பாமல் மில் சர்டிபிகேட் (எஃகு ஆலை தரும் தரச் சான்று) கேளுங்கள்.

குந்தா: அண்ணா, காந்தம் ஒட்டினால்...

பதில்: கூடலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

குன்னூர் கல்லூரி மாணவி: அழுத்தம் கூடினால் அரிப்பு கூடுமா ஐயா?

பதில்: அழுத்தத்தால் நேரடியாக அவ்வளவு இல்லைம்மா. அது தண்ணீரை அதிகச் சூட்டிலும் ஆவியாகாமல் பிடித்துவைக்கிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும்; 10 பாரில் 180 வரை நீராகவே இருக்கும். அரிப்பைக் கூட்டுவது அந்தச் சூடு. குழாய்ச் சுவரில் இழுவிசை தருவது அழுத்தம்.

அரவேணு: பாய்லர் டிரம்மையே எஸ்.எஸ்.ஸில் செய்யச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் படும் இடத்துக்குக் கார்பன் எஃகுதான் வழக்கம், குளோரைடு விரிசல் பயத்தால்தான். கொதிகலன் ஆய்வாளரைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூட மாற்றாதீர்கள்.