ராத்திரி ரொட்டி

தங்கச்சி, பகல் முழுக்க வெறும் பிளேன்டீயோடு தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, ராத்திரி லயத்து வீட்டில் எல்லாரும் தூங்கினபிறகு ஏழெட்டு ரொட்டியை நிறுத்த முடியாமல் தின்று அழுவதாக எழுதியிருந்தீர்கள். இது பேராசையில்லை. வாரம் ஒரு தடவையாவது, 3 மாதமாக இப்படி நடந்தால், வாந்தியெடுக்கும் பழக்கமும் இல்லையென்றால், மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்தது.

பகல் பசியை அடக்குகிறீர்களே, அதுதான் ராத்திரிக்கு வழி வெட்டுகிறது. மலைக்குப் போகும்போது ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். மாமியார் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம், ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் மனம்விட்டுப் பேசிக் குணப்படுத்தும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நுவரெலியா வரை போக முடியாவிட்டால், இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள்.