தாத்தாவின் டிரங்குப் பெட்டியை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தாத்தா 1960களில் சில நாவல்கள் எழுதியவர், 1998இல் காலமானார். கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. லேமினேஷன் செய்து, ஒழுங்காக அடுக்கி ஏதாவது நூலகத்துக்குக் கொடுக்க ஆசை. கொடுத்தால் பதிப்புரிமை போய்விடுமா? குடும்பச் சண்டை பற்றிய கடிதங்களைக் கிழித்துவிடலாமா?

பதில்: லேமினேஷனை மறந்துவிடுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்டு இவற்றை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, சேர்ந்திருந்த தாள்களைச் சேர்ந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து வையுங்கள். ராமபாணப் பூச்சியோ கரையானோ அரித்த கட்டுகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மருந்து அடிக்காதீர்கள்; வெயிலிலும் காயப்போடாதீர்கள்.

அடுக்கவும் வேண்டாம். வீட்டுக்காரர்கள் ஆசையாகச் செய்யும் இந்த வேலைதான் ஆய்வாளர் வயிற்றில் அடிக்கிறது. தேதியில்லாத ஒரு வரைவுக்குள் தேதியிட்ட பதிப்பாளர் கடிதம் செருகியிருந்தால், அந்த வரைவின் காலத்துக்கு அதுவே தடயம். மளிகை ரசீதின் பின்பக்கம் ஓர் அத்தியாயமே இருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் அடுக்கு அடுக்காகச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸின் காகிதங்களை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் 2014இல் 22 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவர் அழித்துவிடச் சொன்ன கடைசி நாவலின் வரைவுகளும் அதில் இருந்தன. மகன்கள் அந்த நாவலை 2024இல் வெளியிட்டார்கள். அது சரியா தவறா என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். காகிதம் பிழைத்ததால்தான் சண்டைக்கே வழி உண்டானது. அதனால் எதையும் கிழிக்காதீர்கள். சங்கடமான கடிதங்களைத் தனி உறையில் இட்டு, இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடலாம்; காப்பகங்களுக்கு இது பழகிய விஷயம்.

பதிப்புரிமை வேறு, காகிதம் வேறு. நீங்களாக எழுதிக் கொடுத்தால் தவிர உரிமை கைமாறாது. தாத்தா வாழ்நாளில் வெளியான நாவல்களுக்கு 2058 முடியும்வரை உரிமை உண்டு. அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களின் உரிமையோ எழுதியவர்களுடையது. அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் கடிதங்கள் நூலகங்களில் யாரும் படிக்கும்படி இருந்தன. ஆனாலும் அவற்றை ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில் பயன்படுத்த அவர் 1987இல் நீதிமன்றத் தடை வாங்கினார்.

எங்கே கொடுப்பது? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்து 1994இல் உருவானது அது. (நம் ஆர்.கே. நாராயணின் காகிதங்களைப் பார்க்க பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது!) எங்கே கொடுத்தாலும் பட்டியல் தயாரிப்பார்களா, மின்னுருவாக்கினால் உங்களுக்கு ஒரு பிரதி உண்டா, பிறகு வேண்டாமென்றால் திருப்பித் தருவார்களா என்ற மூன்றையும் பெட்டியை வண்டியில் ஏற்றுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.