சுழியை விடுங்கள், பல்லைப் பாருங்கள்

கேள்வி: நெற்றியில் நல்ல சுழி இருக்கிறதென்று வெள்ளைக் குதிரைக்கு நாற்பதாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: வேண்டாம். அதில் சிறு பங்கைச் செலவழித்து, வாங்கும் முன்பே கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது.

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில் "நாலு வயசு, ஏறிப் பழகுனது" என்று ஒரு கத்தியவார் இனக் குட்டியைக் கொடுத்தார் வியாபாரி. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு வயதுதான் என்கிறார். மகள் ஏறினால் உதறித் தள்ளுகிறது. கையில் ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. (வாசகர், ஓமலூர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். குட்டியைத் திட்டாதீர்கள், மகளையும் திட்டாதீர்கள். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் வயதை எழுத்தில் வாங்குங்கள். விற்றவர் தொழிலாகவே குதிரை விற்பவர் என்றால் முதலில் நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

இந்த வயதுப் பொய்தான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். கீழ்த்தாடை முன்பற்கள் ஆறையும் பார்த்தாலே தெரிந்துவிடும். நடு ஜோடி பால்பல் இரண்டரை வயதில் விழும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். பால்பல் சின்னதாய் வெள்ளையாக இருக்கும், நிலைத்த பல் பெரிதாய்ச் சற்று மஞ்சளாக இருக்கும். முதுகெலும்பு முதிர ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இரண்டு வயதில் ஆளை ஏற்றினால் வலிக்கிறது, உதறுகிறது. உடனே "முரட்டுக் குதிரை" என்று அடி விழுகிறது. அந்தக் குதிரை பிறகு யாரையும் நம்பாது.

உங்கள் குட்டியை இப்போது கையில் பிடித்து நடத்துங்கள். குளம்பைத் தூக்கக் கொடுக்கட்டும், வண்டிச் சத்தத்துக்குப் பழகட்டும். மூன்று வயதில் வெறும் சேணம், நாலு வயதை ஒட்டி எடை குறைந்த ஆள், அதுவும் சில நிமிடம் நேராக நடை. நீளக்கயிற்றில் சின்ன வட்டமாகச் சுற்ற விடாதீர்கள், மூட்டு கெடும். அதுவரை மகள் வயதான, சாதுவான வேறொரு குதிரையில் கற்கட்டும்.

கேள்வி: இணையத்தில் தள்ளுபடியில் சேணம் வாங்கிவிட்டேன். குதிரை அடுத்த மாதம்தான். சேணம் நல்லதா? போட்டோ இணைத்துள்ளேன். (வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: எந்த முதுகுக்கு என்று வாங்கினீர்கள்? சேணம் குதிரைக்குக் குதிரை மாறும். திருப்பி அனுப்ப நாள் இருந்தால் இன்றே அனுப்புங்கள். நான் வாங்கிய ஒரு சேணத்தின் உள்சட்டம் கோணலாக இருந்தது. தோளருகே தோல் உரிந்து ரத்தம் வந்த பிறகே தெரிந்தது, கடைக்காரர் திரும்ப எடுக்கவே இல்லை. ஆள் ஏறிய பிறகும் சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். போட்டோவில் இது தெரியாது.

கேள்வி: ஏற்காட்டில் குதிரை ஓட்டப் பழக பைக் ஹெல்மெட் போதுமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: போதாது. கனம் அதிகம், காதை அடைக்கும், பக்கப் பார்வையை மறைக்கும். சவாரிக்கென்றே உள்ளதை வாங்குங்கள், பழையது வேண்டாம். பலமாக ஒருமுறை அடிபட்டால் மாற்றிவிடுங்கள். செருப்போடு ஏறாதீர்கள். சின்னக் குதிகால் உள்ள ஷூ இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) வழுக்கிச் சிக்காது.

கேள்வி: ஒரே மாதத்தில் பாய்ச்சல் கற்றுத் தருவதாகச் சொல்லி, ஒரு பயிற்சியாளர் மூன்று மாதப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். (வாசகர், சூரமங்கலம்)

பதில்: ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுங்கள். குதிரையை அவர் நீளக்கயிற்றில் பிடித்திருக்க, நீங்கள் அங்கவடி இல்லாமல் உட்கார்ந்து நிலை பழகுவதில் தொடங்குகிறாரா என்று பாருங்கள். லகானைப் பிடித்துத் தொங்காமல் உட்காரத் தெரிந்தபிறகுதான் பாய்ச்சல். அவர் குதிரையின் வாயையும் பாருங்கள். முள் கடிவாளத்தை 1965-இலேயே மத்திய அரசின் விதிகள் தடைசெய்துவிட்டன. அது வாயில் இருந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காமல் வெளியே வாருங்கள், கால்நடைத் துறையிலும் புகார் சொல்லுங்கள்.