தொழில் நொடித்துப்போனவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தொடங்கிய தொழில்களையும் பார்த்திருக்கிறேன், பூட்டுப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். மறுபடி எழுந்து நின்றவர்கள் பெரும்பாலும் பழைய தொழிலை ஒழுங்காக மூடியவர்கள், மூடிய பிறகு பழைய கணக்கு நோட்டை உட்கார்ந்து படித்தவர்கள். அதனால் எதைக் கேட்டாலும் என் பதில் கொஞ்சம் அந்தப் பக்கமே போகும்.

ஆம்பூரிலிருந்து: அக்கா, ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட் வைத்திருந்தேன். ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஆர்டர் நின்றுபோனது, மூடிவிட்டேன். எனக்குத் தொழில் செய்யத் தெரியவில்லையா?

ஆள் வைத்து வேலை வாங்கினீர்கள், சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுத்தீர்கள் என்றால் உங்களுக்குத் தொழில் தெரியும் தம்பி. தெரியாதது எது என்று நோட்டு சொல்லும். ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள்: எத்தனை ஜோடி போனது, ஜோடிக்கு என்ன கூலி வந்தது, அந்த மாதம் சம்பளம், கரண்ட், வாடகை எவ்வளவு. ஆர்டர் பெரும்பாலும் ஒரே நாளில் நின்றிருக்காது, ஜோடி எண்ணிக்கை முன்கூட்டியே இறங்கத் தொடங்கியிருக்கும். அது இறங்கத் தொடங்கிய மாதம் எது, நீங்கள் முதல் தடவை செலவைக் குறைத்த மாதம் எது என்று வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாதங்களில்தான் உங்கள் கைப்பணமும் வீட்டு நகையும் போயிருக்கும். "அடுத்த மாசம் பெரிய ஆர்டர் வருது" என்ற வாய்வார்த்தையை நம்பி, தையல் ஆட்களை விடக்கூடாது என்று உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். நல்ல மனசுதான், ஆனால் எத்தனை வாரம் வரைக்கும் அப்படிக் கொடுப்பது என்பதைத் தொழில் நன்றாக ஓடும்போதே முடிவு செய்து வைக்க வேண்டும்.

ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலை தரும் ஆர்டரை மட்டும் நம்பி இரும்பு ஃபேப்ரிகேஷன் ஷெட் போட்டவர்களுக்கும் இதேதான் நடந்தது. அங்கே தாக்குப்பிடித்தவர்கள், நல்ல காலத்திலேயே வேறு இரண்டு பேருக்குக் கிரில், டேங்க் என்று சின்ன வேலையாவது செய்துகொடுத்தவர்கள். முதல் வருடத்திலேயே ஆர்டர் தரும் நாலு கம்பெனி பிடிப்பது நடக்காத காரியம், எனக்கும் தெரியும். குறைந்தது மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் புது மெஷின் வாங்குங்கள்.

வேலூரிலிருந்து: சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்தில் சைவ ஹோட்டல் போட்டேன். எந்நேரமும் கூட்டம் உள்ள இடம். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. எல்லாரும் ராசியில்லாத கடை என்கிறார்கள்.

ராசி என்று விட்டுவிட்டால் இவ்வளவு பணம் போட்டு நீங்கள் கற்றது ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்தக் கூட்டம் யார் என்று பாருங்கள். மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் என்று வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் அதில் ஏராளம், கடைப் பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. அவர்கள் தேடுவது மீனும் சோறும். அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்பவர்களும் நிறைய, ஏனென்றால் வைத்தியத்துக்கு என்று சேர்த்த பணத்தில் சாப்பாட்டுக்குக் கைவைக்க யாருக்கும் மனசு வராது.

பழைய பில் புத்தகம் இருக்கிறதா? மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். காலை இட்லியும் டீயும் ஓடி, மதியச் சாப்பாட்டில் குண்டான் குண்டானாக மீந்திருந்தால், நீங்கள் தோற்றது மதியச் சாப்பாட்டில் மட்டும். காலை டிபன் மட்டும் போடும் சின்னக் கடைக்கு அந்த வாடகையில் பாதிகூட ஆகாது.

வாணியம்பாடியிலிருந்து: தாத்தா காலத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை), அப்பா கையில் 90களில் மூடினோம். கோர்ட்தான் மூடியது என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அதிலிருந்து நான் என்ன கற்றுக்கொள்வது?

வீட்டார் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நேராகச் சொல்கிறேன், பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போன பிறகுதான் அந்த வழக்கு போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லி டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டு, இல்லை பொது நிலையத்தில் சேர் என்றது. கணக்குக்காரியாக நான் பார்ப்பது இதை: கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு ஒருநாளும் தோல் விலையில் ஏறவில்லை, அத்தனை வருடமும் அதை ஊர் கட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செலவைச் சேர்த்ததும் பல பேருக்கு லாபமே இல்லை என்று தெரிந்துவிட்டது. நீங்கள் புதிதாக எதைத் தொடங்கினாலும், இன்று யாரோ உங்களுக்காகச் சும்மா சுமக்கிற செலவு எது என்று தேடிப் பாருங்கள். சம்பளம் வாங்காமல் கடையில் உட்காரும் மனைவி, வாடகை கேட்காத மாமா வீட்டு ஷெட், எல்லாவற்றையும் விலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

காட்பாடியிலிருந்து: கடையை மூடிவிட்டேன். ஜி.எஸ்.டி. நம்பர் அப்படியே கிடக்கிறது. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. வியாபாரம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போடாத ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும். பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டு, ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் போடுங்கள். அதே பான் எண்ணில் நாளைக்குப் புதுப் பதிவு கேட்கும்போது பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

ஆற்காட்டிலிருந்து: பேங்க் தவணை தவறக்கூடாது என்று தண்டல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன் அக்கா. தினமும் சாயங்காலம் வந்து நிற்கிறார்கள்.

தண்டல் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். பேங்க்குக்குப் பயந்து தண்டலுக்குப் போனவர்கள்தான் வீட்டை இழக்கிறார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால்தான் வாராக் கடன் கணக்கில் போகும். அதற்கு முன்னாலேயே மேனேஜரைப் பார்த்து, விற்பனை இவ்வளவு விழுந்திருக்கிறது என்று நோட்டைக் காட்டி, தவணையை நீட்டித்துக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒரே தடவையில் குறைத்துக் கட்டி முடிக்கும் ஏற்பாட்டுக்கு வந்தால், சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். முடிந்தால் முழுதும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்குங்கள். தண்டல்காரர் அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, தைரியமாகப் புகார் கொடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து: லுங்கி உற்பத்தி. லாபம் இருந்தது, ஆனால் பணம் எல்லாம் வெளியூர்க் கடைகளில் மாட்டி, நூலுக்குக் காசில்லாமல் நின்றுவிட்டேன்.

உற்பத்தியாளராக உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, வாங்கியவர் உங்களுக்குப் பணம் கொடுக்க எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சக இணையதளம் வழியாக மனு போடலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வசதி கிடையாது. செக் கொடுத்து அது திரும்பியிருந்தால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், "பழகின மனுஷன்" என்று நாள் கடத்தாதீர்கள். அப்புறம் கடைவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள், யார் எத்தனை நாளில் கொடுத்தார்கள் என்று. அதிகம் வாங்கிய கடையே அதிகம் இழுத்தடித்த கடையாக இருக்கும், பலர் கணக்கில் நான் பார்த்தது அது.

வாலாஜாவிலிருந்து, ஒரு மனைவி: மூடியதிலிருந்து அவர் வெளியே போவதில்லை, கல்யாணங்களுக்கும் வருவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

கொஞ்ச நாள் அறிவுரையே வேண்டாம் அம்மா. யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். மனசுக்குள் மலையாகத் தெரிகிற கடன் தாளில் எழுதினால் ஒரு தொகைதான். அதில் சின்னத் தொகையாக, கூலி ஆட்களின் பாக்கியை முதலில் தீருங்கள், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க அதுவே பாதித் தெம்பு. ஒரு வருடம் வேறு இடத்தில் சம்பளத்துக்குப் போனால் கேவலமில்லை. "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிற மாதிரி அவர் வாயில் ஒரு பேச்சு வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 104, 14416 என்ற உதவி எண்களில் எந்நேரமும் பேசலாம்.

பேரணாம்பட்டிலிருந்து: மறுபடி தொடங்க எப்போது சரியான நேரம்?

கூலி பாக்கி தீர்ந்து, ஜி.எஸ்.டி. ரத்தாகி, பேங்க்கோடு எழுத்தில் ஒரு ஏற்பாடு ஆன பிறகு. முன்பு பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் திட்டத்தில் மானியம் வாங்கியிருந்தால் புதுத் தொழிலுக்கு மறுபடி கிடைக்காது, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பேங்க்கில் முத்ரா என்ற சிறுதொழில் கடனைக் கேட்டுப் பாருங்கள், அதற்குச் சொத்து அடமானம் தேவையில்லை. போகும்போது புது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு பழைய தொழிலின் கணக்கையும் எடுத்துப்போய், எங்கே நஷ்டம் வந்தது, இந்த முறை அங்கே என்ன மாற்றியிருக்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுங்கள்.